அத்தியாயம் 7: மனைவிக்கும் பிள்ளைக்கும் ஐடின்

நாட்டின் எந்த மூலையில் இருந்து ஐடின் கேட்டு விண்ணப்பித்தாலும் அந்த உறை நம் பக்கத்து ஊருக்குத்தான் வருகிறது. நியூ ஜெர்சி எடிசன்காரரும் கலிஃபோர்னியா ஃப்ரிமான்ட்காரரும் எழுதும் முகவரி ஆஸ்டினில் இருக்கும் ஐஆர்எஸ் ஐடின் பிரிவு. ரவுண்ட் ராக்கில் இருந்து ஐ-35இல் தெற்கே ஏறக்குறைய 20 மைல். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, ஒரு சனிக்கிழமை நேரே போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. அங்கே நமக்கென்று ஜன்னல் கிடையாது. எடிசன்காரரைப் போல நாமும் தபாலில்தான் அனுப்ப வேண்டும், அல்லது இந்த அத்தியாயத்தில் பின்னால் சொல்லும் இரண்டு பேரில் ஒருவரைப் பார்க்க வேண்டும்.

முதலில், உங்களுக்கு ஐடின் தேவைதானா என்பது. ஜனவரி கடைசிக்குள் கம்பெனி டபிள்யூ-2 கொடுத்துவிடும். வரி மென்பொருளைத் திறந்து உட்காருவீர்கள். உங்கள் எஸ்எஸ்என் கேட்கும், போடுவீர்கள். அடுத்த கட்டத்தில் மனைவியின் எஸ்எஸ்என் கேட்கும். அங்கே நின்றுவிடும். ஹெச்-4இல் வந்தவருக்கு வேலை அனுமதி இல்லை. வேலை அனுமதி இல்லாதவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வரிக்காக மட்டும் எண் கொடுப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1996இல் ஐஆர்எஸ் ஐடினைக் கொண்டுவந்தது. 9இல் தொடங்கும் ஒன்பது இலக்க எண். வரிக்கு மட்டுமே செல்லும். வேலை பார்க்கும் உரிமையையோ விசா நிலையையோ அது தொடுவதில்லை. (மனைவி என்றே எழுதிக்கொண்டு போகிறேன். ஹெச்-4இல் வந்த கணவர்களும் ரவுண்ட் ராக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

ஹெச்-4ஆக இருந்தாலும் வேலை அனுமதி அட்டை, அதாவது ஈஏடி, கையில் இருந்தால் ஐடின் பக்கமே போகாதீர்கள், எஸ்எஸ்என் வாங்குங்கள். எல்-1இல் வந்தவரின் மனைவிக்கும் அப்படித்தான். 2022 தொடக்கத்தில் இருந்து அவர்களுடைய ஐ-94இல் எல்-2எஸ் என்று குறிக்கிறார்கள். அந்த 'எஸ்' இருந்தால் தனியாக ஈஏடி இல்லாமலே எஸ்எஸ்என் கேட்கலாம். எஸ்எஸ்என் பெறத் தகுதி உள்ளவருக்கு ஐடின் கிடையாது. இங்கே பிறந்த குழந்தை குடிமகன். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதியும்போதே எஸ்எஸ்என்னுக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். இந்த அத்தியாயம் அந்தக் குழந்தைக்கு வேண்டியதில்லை.

இனி, எடுத்தால் என்ன லாபம்? கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டினால் 2025ஆம் வரி ஆண்டுக்கு நிலையான கழிவு 31,500 டாலர். தனித்தனியாகக் காட்டினால் உங்களுக்கு 15,750தான். அந்த வேறுபாடு முழுவதும் உங்கள் சம்பளத்தின் 22 சதவீத அடுக்கில் விழுந்தால் அதில் மட்டும் 3,465 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சேர்ந்து கணக்குக் காட்டினால் மனைவியின் வருமானமும் உலகம் முழுக்க எங்கே இருந்தாலும் உள்ளே வரும். கல்யாணத்துக்கு அப்பா போட்டுக் கொடுத்த ஃபிக்சட் டெபாசிட்டின் வட்டியும் வருமானம்தான். இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கையும் உண்டு. அதைப் பத்தாம் அத்தியாயத்தில் பார்ப்போம்.

பிள்ளைக்கு எடுப்பதில்தான் பழைய ஆலோசனை ஆளைக் கவிழ்க்கிறது. 2017 வரை ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் 4,050 டாலர் தனிநபர் விலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் வந்த அண்ணன்மார்கள், "எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடு தம்பி" என்பார்கள். 2018இல் அந்த விலக்கு போய்விட்டது. வரிக்கணக்கில் ஏதாவது ஒரு சலுகை கிடைத்தால்தான் இப்போது பிள்ளைக்கு ஐடின் கொடுப்பார்கள். சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டுக்குப் பிள்ளையிடம் எஸ்எஸ்என் வேண்டும்; ஹெச்-4 பிள்ளைக்கு அது இல்லை. மிஞ்சுவது பிற சார்ந்தோருக்கான 500 டாலர் கிரெடிட். அதற்குப் பிள்ளை வரி விதிப்படி இங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். மதுரையில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குக் கிடைக்காது. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து போகும் அம்மாவுக்கு எடுக்கலாமா என்று வருடந்தோறும் யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் அந்த யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

சரி, காகிதங்கள். ஐஆர்எஸ் ஏற்கும் அடையாள ஆவணங்கள் 13 வகை. அவற்றில் தனியாக நிற்கக்கூடியது பாஸ்போர்ட் ஒன்றுதான்; அது இல்லாவிட்டால் மற்றவற்றில் குறைந்தது இரண்டைச் சேர்த்துக் காட்ட வேண்டும். நம்மில் யாரும் பாஸ்போர்ட் இல்லாமல் இந்த நாட்டுக்கு வரவில்லை என்பதால் அந்தப் பட்டியலை இங்கே அடுக்கப் போவதில்லை. ஆதாரை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை எல்லாரும் எடுத்து வைக்கிறார்கள். தேசிய அடையாள அட்டையில் படம், பெயர், இப்போதைய முகவரி, பிறந்த தேதி, காலாவதித் தேதி ஐந்தும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆதாரில் காலாவதித் தேதி கிடையாது. பான் அட்டை அடையாள ஆவணமே ஆகாது. ஆனால் ஐடினுக்கான விண்ணப்பமான டபிள்யூ-7 படிவத்தில் 6பி வரியில் வெளிநாட்டு வரி எண் கேட்பார்கள், இருந்தால் அங்கே பான் எண்ணை எழுதலாம். ரேஷன் கார்டு பெட்டியிலேயே இருக்கட்டும்.

இப்போது பெயர். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தமிழர்களின் விண்ணப்பம் சிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

முருகேசன் மகன் கார்த்திகேயன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திகேயன். பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் கட்டத்தில் முருகேசன் என்று போட்டார். அலுவலகத்தில் எல்லாரும் அவரை அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். அவர் மனைவி கவிதா கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவர். அவருடைய சர்நேம் பழனிசாமி, அவர் அப்பா. மகளுக்குச் சர்நேம் கார்த்திகேயன். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். இதைப் பார்த்து வெள்ளைக்காரன் கேள்வி கேட்பானோ என்று பயந்து, வரிப் படிவத்தில் மனைவியைக் கவிதா முருகேசன் என்றோ கவிதா கார்த்திகேயன் என்றோ எழுதிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கணவன், மனைவி, பிள்ளை மூவரின் கடைசிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஐஆர்எஸ் எங்கேயும் கேட்கவில்லை. ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் காகிதங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கவிதா பழனிசாமி பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே டபிள்யூ-7இலும், அப்படியே 1040 படிவத்திலும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'ஹெச்' கூடினாலும் குறைந்தாலும் அது வேறு பெயர்.

கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டை மாற்றி, கவிதா கார்த்திகேயன் ஆனவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. படிவத்தின் 1ஏ வரியில் இப்போதைய சட்டப் பெயர், 1பி வரியில் பிறந்தபோது இருந்த பெயர். 1பியை வெறுமையாக விடாதீர்கள். காட்டும் ஆவணங்களில் ஒன்றில் பழைய பெயரும் ஒன்றில் புதிய பெயரும் இருந்தால் திருமணப் பதிவுச் சான்றும் சேர்ந்து போக வேண்டும். அதை ஊரில் இருந்து வரவழைக்க எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. முழுப் பெயரையும் கொடுத்த பெயர் கட்டத்தில் எழுதிவிட்டவர்கள். இவர்களுடைய அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேமாகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து உட்கார்ந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கண்முன்னே இருக்கும்போது தெரியவில்லை என்று அச்சடிப்பது கொஞ்சம் அதிகம்தான். நீங்கள் இந்த வகை என்றால் படிவத்தைச் சொந்தமாக நிரப்பாதீர்கள். பின்னால் சொல்லும் சான்றளிக்கும் முகவரிடம் போகும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும். இன்னும் ஊரில் இருந்து கிளம்பாதவர் இதைப் படிக்கிறார் என்றால், பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு இப்போதே போய்ப் பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டு விசாவுக்கு எழுதுங்கள். பின்னால் ஓட்டுநர் உரிமம், வங்கி, பள்ளி என்று ஒவ்வொரு இடத்திலும் நேரம் மிஞ்சும்.

பிள்ளையின் பிறப்புச் சான்றையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் குழந்தை பிறந்தவுடன் பதிந்த சான்றில் பெயர் இருக்காது. பெயர் சூட்டும் முன்பே பதிந்திருப்பார்கள். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். பிறந்த ஊரின் பதிவாளர் அலுவலகத்தில் தாத்தா ஒருவர் இரண்டு நடை போனால் முடிகிற வேலை. ஏப்ரல் மாதம் ரவுண்ட் ராக்கில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இல்லை.

பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். சார்ந்தவராகக் காட்டப்படும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் வந்த தேதி இருக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாவிட்டால் பாஸ்போர்ட் தனித்து நிற்காது. இப்போது பல விமான நிலையங்களில் முத்திரை குத்தாமலே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வந்திருந்தால், பிள்ளை இங்கே வசிப்பதைக் காட்ட இன்னொரு தாள் சேருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளிப் பதிவு. ரவுண்ட் ராக் ஐஎஸ்டியின் இணையக் கணக்கில் இருந்து இறக்கிய மதிப்பெண் அட்டையை அப்படியே வைத்தால் திரும்பி வரும். பள்ளி அலுவலகத்தில் கேட்டு அலுவலரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பிள்ளை பெயர், பாடங்களும் மதிப்பெண்களும், அந்தப் பருவத்தின் தேதிகள், பள்ளியின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பருவம் முடிந்து 12 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் அலுவலகத்தின் தடுப்பூசிப் பதிவு போதும். ஆனால் அவர்களுடைய தலைப்புத் தாளில், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரியோடு. முகவரி விடுபட்டுத்தான் பெரும்பாலும் வரும். வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.

அடுத்து, அசலா நகலா என்ற கேள்வி. நம் ஊர் வழக்கப்படி நமக்கு நகல் என்றால் பச்சை மைக் கையெழுத்து. இங்கே அதற்குப் பதில் நோட்டரி இருக்கிறாரே என்று வங்கிக்குப் போவார்கள். 2012 நடுவில் இருந்து நோட்டரி கையெழுத்திட்ட நகலை ஐஆர்எஸ் ஏற்பதில்லை. அசல் வேண்டும், அல்லது அந்த ஆவணத்தைக் கொடுத்த அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது டெக்சாஸைப் பொறுத்தவரை ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகம்.

பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள் என்பது என் திடமான கருத்து. அசல் ஆவணங்களை 60 நாளுக்குள் திருப்பி அனுப்புவதாக ஐஆர்எஸ் சொல்கிறது. முன்பணம் கட்டிய திரும்பும் உறையை வைத்தால் கூரியரிலேயே வரும். அது உண்மைதான். ஆனால் அந்த 60 நாளில் ஒரு ராத்திரி, ஊரில் பெரியவருக்கு முடியவில்லை என்று போன் வந்தால் பாஸ்போர்ட் ஏதோ ஒரு தட்டில் வரிசையில் கிடக்கும். அசலைக் கைவிடாமல் வேலையை முடிக்க இரண்டு வழி இருக்கும்போது அந்த அபாயம் எதற்கு?

ஒன்று சிஏஏ என்ற சான்றளிக்கும் முகவர். வரிக் கணக்காளர்களில் சிலருக்கு ஐஆர்எஸ் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. மாநில வாரியான பட்டியல் ஐஆர்எஸ் இணையதளத்தில் கிடைக்கும். அவர் உங்கள் முன்னாலேயே அசலைப் பார்ப்பார், சரிபார்த்த சான்றிதழ் ஒன்றை எழுதி நகலோடு இணைப்பார், பாஸ்போர்ட்டை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவார். பட்டியலில் வெறும் ஏஏ என்றும் சிலர் இருப்பார்கள். அவர்கள் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள், ஆவணத்துக்குச் சான்றளிக்க மாட்டார்கள். போன் செய்யும்போதே "நீங்கள் சிஏஏவா?" என்று கேளுங்கள். தலைக்கு எவ்வளவு, வரிக்கணக்குப் போடுவதற்குத் தனியாக எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். "வைத்துவிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தர்றோம்" என்று பாஸ்போர்ட்டைக் கேட்கும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றொன்று ஐஆர்எஸ்ஸின் நேரடி உதவி மையம். ஆஸ்டினில் அது ரண்ட்பெர்க் லேனில் இருக்கிறது, நமக்கு அரை மணிக்கும் குறைவான தூரம். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். 844-545-5640க்கு அழைத்து நேரம் வாங்குங்கள். எல்லா மையமும் ஐடின் ஆவணங்களைச் சரிபார்ப்பதில்லை என்பதால், அந்த வேலைக்குத்தான் வருகிறோம் என்பதை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பிப்ரவரி பிறந்துவிட்டால் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

டபிள்யூ-7 ஒரே பக்கப் படிவம். ஆளுக்கொன்று. காரணக் கட்டங்களில் இங்கே வரி விதிப்படி வசிப்பவர் ஆகிவிட்ட ஹெச்-1பிக்காரரின் மனைவிக்கு 'இ', பிள்ளைக்கு 'டி'. ஆண்டின் பிற்பகுதியில் வந்து இன்னும் நாள் கணக்கு நிறையாதவர்கள் கட்டத்தைத் தொடும் முன் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். மூன்றாவது வரி வெளிநாட்டு முகவரி. அங்கே இனி வீடு இல்லை என்றால் நாட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதும். மாமனார் வீட்டுக் கதவு எண்ணைப் போட வேண்டாம். பிறந்த தேதியில் மாதம் முதலில். ஏப்ரல் 7ஐ 07/04 என்று எழுதினால் ஜூலை 4இல் பிறந்தவர் ஆகிவிடுவார், பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் போய்விடும். விசா எண் கேட்கும் இடத்தில் விசாத் தாளின் கீழே சிவப்பில் இருக்கும் எண்ணைப் போடுங்கள்; மேலே இருக்கும் நீள எண் அது அல்ல. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றவர் கையெழுத்திட்டு, உறவையும் குறிக்க வேண்டும்.

டபிள்யூ-7ஐத் தனியாக அனுப்ப முடியாது. அதன் பின்னால் வரிக்கணக்கு சேர்ந்து போக வேண்டும், அதனால் இந்த ஒரு ஆண்டு மின்தாக்கல் கிடையாது. 1040ஐ அச்செடுத்து, எண் கேட்கும் ஆளின் கட்டத்தை வெறுமையாக விட்டு, கணவன் மனைவி இருவரும் பேனாவால் கையெழுத்திட்டு, டபிள்யூ-2ஐ இணைத்து, எல்லாருடைய டபிள்யூ-7ஐயும் மேலே வைத்து ஒரே உறையில் போடுங்கள். வழக்கமாக வரிக்கணக்கு போகும் முகவரி அல்ல. தபால் பெட்டி எண் 149342, ஆஸ்டின், டெக்சாஸ் 78714-9342. சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15க்குள் காகிதம் சேராது என்று தெரிந்தால் 4868 படிவத்தில் அக்டோபர் 15 வரை நேரம் கேட்கலாம். ஆனால் கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டுங்கள். வட்டிக்குத் தவணை கிடையாது. பிள்ளைக்கான 500 டாலரும் அந்தக் கெடுவுக்குள் ஐடினுக்கு விண்ணப்பித்திருந்தால்தான்.

பதில் வர ஏழு வாரம். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 30 வரையிலான நெரிசலில் அனுப்பினால் 9 முதல் 11 வாரம். எண் விழுந்த பிறகுதான் வரிக்கணக்கையே பார்ப்பார்கள் என்பதால் ரீஃபண்ட் அதற்கும் பிறகு. எண் வந்தால் சிபி565 என்ற கடிதம். சிபி566 வந்தால் ஏதோ காகிதம் குறைகிறது, 45 நாளுக்குள் அனுப்ப வேண்டும். சிபி567 என்றால் மறுத்துவிட்டார்கள். இந்தக் கடிதம் கவிதா பழனிசாமி என்ற பெயருக்கு வரும். உங்கள் அடுக்ககத்துத் தபால் பெட்டியில் முருகேசன் என்று மட்டும் எழுதியிருந்தால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போகவும் கூடும். வீட்டில் இருக்கும் எல்லாப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். இடையில் வீடு மாறினால் 8822 படிவத்தில் முகவரி மாற்றம் கொடுங்கள். தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது.

மூன்று ஆண்டு தொடர்ந்து எந்த வரிக்கணக்கிலும் பயன்படுத்தாவிட்டால் ஐடின் காலாவதி ஆகும். பின்னாளில் மனைவிக்கு ஈஏடி வந்து எஸ்எஸ்என் கிடைத்தால் அன்றோடு ஐடினை நிறுத்திவிட வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கச் சொல்லி முழுப் பெயர், முகவரி, பழைய ஐடின் மூன்றையும் எழுதி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் நகலும் சிபி565 இருந்தால் அதன் நகலும் வைத்து, ஆஸ்டின், டெக்சாஸ் 73301-0057 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். டெக்சாஸ் அஞ்சல் எண்கள் பெரும்பாலும் 75க்கும் 79க்கும் இடையில்தான் தொடங்கும். 73301 வரித்துறைக்கென்று ஒதுக்கிய எண், எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.